கடல் நாற்காலி

இனி இந்த ஜென்மத்தில் நடப்பதில்லை என்று சோபாக்காரர் முடிவெடுத்தார். முடிவெடுத்த இடம் டாக்டரம்மா வீட்டு வாசல்படி. முடிவெடுத்தபோது உட்கார்ந்திருந்தார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சற்று முன்புதான் டாக்டரம்மா அவரை எடை பார்க்கும் மெஷினில் ஏற்றியிருந்தார். முள் ஓடியது. எண்பதைக் கடந்தது, தொண்ணூறைக் கடந்தது, தொண்ணூற்று நாலில் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. சர்க்கரையும் தன் பங்குக்கு மேலே ஏறியிருந்தது.

“தினமும் நாப்பது நிமிஷம் நடங்க. நாப்பது நாள் கழிச்சு வாங்க. அப்பவும் முள்ளு இதே இடத்துல நின்னுச்சுன்னா ஊசிதான். தினமும் ஒண்ணு” என்றார் டாக்டரம்மா.

சோபாக்காரர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். நாள் முழுக்க ஒரு முழ நீளத்து ஊசியை வைத்துக்கொண்டு சோபாக்களின் முதுகில் ஈவு இரக்கமில்லாமல் குத்துகிறவர்தான். ஆனால் இதுவரை எந்த சோபாவும் திருப்பிக் குத்தியதில்லை.

ஊசியும் கூடாது, நடையும் கூடாது. இதுதான் அவருக்கு வந்த சோதனை.

அவர் நடக்க மறுத்ததைச் சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. அது கொள்கை. முப்பது வருஷமாக சோபா செய்கிறார். ஸ்பிரிங் கட்டி, பஞ்சு வைத்து, துணி இழுத்து, ஆணி அடித்து, ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் தானே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவார். சில சோபாக்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். வாடிக்கையாளர் வந்து எழுப்பியதும் உண்டு.

“பெரிய மனுஷன்னா என்ன அர்த்தம்? உக்காந்திருக்கறவன்னு அர்த்தம். ராஜா உக்காந்திருப்பான். தகவல் சொல்ல வர்றவன்தான் நடந்து வருவான்” என்பார்.

அவருடைய மனைவி பக்கத்திலேயே தையல் மெஷினில் சோபா உறைகளைத் தைப்பாள். நூல் வாங்கப் போவது அவள். ஜிப் வாங்கப் போவது அவள். தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள். அவர் கணக்கில் அந்த வீட்டில் ஒரு ராஜா இருந்தார். மீதி வேலையெல்லாம் தகவல் சொல்ல வந்தவள் செய்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் அலமாரிக்கு அடியிலிருந்து அவருடைய பழைய கேன்வாஸ் ஷூவை இழுத்துப் போட்டாள். அதற்குள் ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

“நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கிளம்புறோம்” என்றாள்.

“எங்க?”

“எங்கயும் இல்ல. சும்மா நடந்துட்டு வர்றோம்.”

“பாத்தியா, நீயே சொல்லிட்ட. எங்கயும் இல்லாத இடத்துக்கு எதுக்கு நடக்கணும்? கிளம்பின இடத்துக்கே திரும்பி வர்றதுக்கு இங்கயே இருந்துட்டா என்ன?”

“அப்ப ஊசி போட்டுக்குங்க.”

“ஊசியும் கிடையாது. கடல் காத்து இருக்கே, அது ஒண்ணு போதும். உடம்புல இருக்குற கொழுப்பையெல்லாம் உறிஞ்சி எடுத்துடும்.”

“யாரு சொன்னா?”

“எல்லாருக்கும் தெரியும். நான் மீன் பிடிக்கப் போறேன். கரையில நாற்காலி போட்டு உக்காந்து, தூண்டிலப் போட்டுட்டு, காத்து வாங்கப் போறேன். நாப்பது நாள். உக்காந்துகிட்டே எடையைக் குறைச்சுக் காட்டறேன்.”

அவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். அவள் நூலைக் கடிக்கிறாள் என்றால் எதையோ யோசிக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

“குறையலன்னா?” என்றாள்.

“குறையலன்னா, நீ சொல்ற இடத்துக்கெல்லாம் நடக்கறேன். குறைஞ்சா, அந்த ‘நட’ங்கற வார்த்தையே உன் வாயிலேர்ந்து இந்த ஜென்மத்துல வரக்கூடாது. இந்த நாப்பது நாளும் வரக்கூடாது. ஒரு தடவை வந்தாலும் பந்தயத்துல நீ தோத்தே. என்ன, சம்மதமா?”

“சம்மதம்” என்றாள்.

அவள் அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது அவருக்கு லேசாக உறுத்தியது. ஆனால் அதைப் பற்றி யோசிக்க எழுந்து உட்கார வேண்டியிருந்தது. விட்டுவிட்டார்.

மறுநாள் முதல் அவருக்கு இரண்டு வேலைகள். ஒன்று, கடற்கரைக்கு நாற்காலி செய்வது. இரண்டு, மனைவியை வார்த்தையில் சிக்க வைப்பது.

“அந்த டிவி நாடகம் இன்னுமா நடக்குது?” என்று நைசாகக் கேட்பார்.

“ஓடுது” என்பாள்.

“உங்க அண்ணனோட கடை எப்படி?”

“உருளுது.”

“வீட்ல என்னதான் நடக்குது?”

“சோறு வேகுது, துணி காயுது. நீங்க உக்காந்திருக்கீங்க.”

ஒரே ஒரு நாள் மாட்டினாள். “கத்தரிக்கோலை நடு ரூம்ல வச்சிருக்கேன்” என்றாள். சோபாக்காரர் துள்ளிக் குதித்தார். அதாவது, உட்கார்ந்தபடி எவ்வளவு துள்ள முடியுமோ அவ்வளவு.

“சொல்லிட்ட! சொல்லிட்ட!”

“நடுன்னுதான் சொன்னேன்.”

“பாதி வந்துடுச்சுல்ல?”

வழக்கு பக்கத்துக் கடைப் பூட்டுக்காரரிடம் போனது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வழக்கைக் கேட்டார்.

“அண்ணே, ரெண்டு சாவி பாக்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு பல்லு மாறியிருந்தாலும் பூட்டு திறக்காது. நட வேற, நடு வேற. தங்கச்சி தப்பிச்சுது” என்று தீர்ப்புச் சொன்னார்.

நாற்காலி தயாரானது. அதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மீன் பிடிக்கப் போகிற எந்த மனிதனும் ஒரு முக்காலியோ மடக்கு ஸ்டூலோ எடுத்துப் போவான். சோபாக்காரருக்கு அது அவமானம். அவர் தேக்குச் சட்டம் போட்டார். உட்காரும் இடத்தில் பன்னிரண்டு ஸ்பிரிங், அதன் மேல் நாலு அங்குலப் பஞ்சு, முதுகுக்கு மூன்று அங்குலம், தண்ணீர் இறங்காதபடி பச்சை ரெக்ஸின். வலது கையில் தூண்டில் கம்பு நிற்க ஒரு குழாய். இடது கையில் டீ டம்ளர் உட்கார ஒரு குழி. இருக்கைக்கு அடியில் இரை வைக்க ஒரு டிராயர். கழுத்துக்குத் தனியாக ஒரு உருளைத் தலையணை. அதற்கு அவள்தான் உறை தைத்துக் கொடுத்தாள்.

“ஏங்க, இது ரொம்ப கனமா இருக்கே. தூக்க முடியுமா?” என்றாள்.

“நான் எதுக்குத் தூக்கணும்? கடற்கரை வரைக்கும் ஆட்டோ. இறக்கி வச்சா உக்கார வேண்டியதுதான்.”

அந்தக் கடற்கரை வளைந்து நீளமாகக் கிடந்தது. வடக்கு முனையில் பாறைகள். தெற்கு முனையிலும் பாறைகள். நடுவில் முழுக்க மணல். சாலை வந்து முட்டுவது மணலின் நட்டநடுவில். அங்கே ஒரு பெரிய குடைக்கு அடியில் ஒரு அம்மாள் தூண்டிலுக்குப் புழு விற்றுக்கொண்டிருப்பாள். ஈரச் சாக்குக்குள் மணல் புழுக்கள் நெளியும். எல்லோரும் அவளைப் புழுக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. புழுவுக்கு வேண்டுமானால் வருத்தம் இருந்திருக்கலாம்.

சோபாக்காரர் அவள் குடைக்குப் பத்தடி தள்ளி நாற்காலியை இறக்கச் சொன்னார். முள்ளில் புழு கோத்தார், ஈயக்குண்டு கட்டினார், வீசினார். முதல் வீச்சில் தன் சட்டைக் காலரைப் பிடித்தார். இரண்டாவதில் குடையைப் பிடித்தார். மூன்றாவது கடலில் விழுந்தது. கம்பைக் குழாயில் செருகிவிட்டு, தலையணையில் கழுத்தைச் சாய்த்து, கண்ணை மூடினார். காற்று வந்தது. கொழுப்பு கரைவது காதில் கேட்பது போலிருந்தது.

“அண்ணே” என்றாள் புழுக்காரம்மா.

“ம்.”

“வெறும் காத்து வாங்க வந்தீங்களா, மீன் பிடிக்க வந்தீங்களா?”

“ரெண்டும்தான்.”

“மீனுக்குன்னா இங்க உக்காந்து பிரயோசனமில்ல. வெறும் மணல்ல மீனுக்கு என்ன வேலை? பாறையிலதான் பாசி, சிப்பி, சின்ன நண்டு எல்லாம். சாப்பாடு இருக்குற பக்கம்தானே வரும்? இப்ப தண்ணி ஏறுது. வடக்குப் பாறையில ஒரே கூட்டமா நிக்கும்.”

சோபாக்காரர் ஒரு கண்ணைத் திறந்து வடக்கே பார்த்தார். அங்கே ஒரு ஆள் கம்பைத் தூக்கினார். வெள்ளையாக ஏதோ மின்னியது.

மின்னியது மீனாகவும் இருக்கலாம், அந்த ஆளின் பனியனாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஒரு மினுக்கில் சோபாக்காரரின் நெஞ்சுக்குள் முள் மாட்டிவிட்டது.

நாற்காலியைத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. அவர் உட்கார்ந்த கனத்தில் நாலு கால்களும் முழங்கால் அளவு மணலுக்குள் போயிருந்தன. தோண்டி எடுத்தார். கையில் தூக்கினால் முட்டியில் இடித்தது. முதுகில் போட்டால் டிராயர் திறந்து புழு சட்டைக்குள் இறங்கியது. கடைசியில் தலைகீழாகக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டார். மெத்தை தலைக்கு மிருதுவாக இருந்தது. நல்ல வேலைப்பாடு என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

வடக்குப் பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது நாக்கு வெளியே தொங்கியது. உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் வீசினார். பாறை இடுக்கில் மாட்டி மூன்று ஈயக்குண்டுகள் போயின. மீன் வரவில்லை.

குடைப் பக்கமிருந்து புழுக்காரம்மா கையைக் குவித்துக் கத்தினாள்.

“அண்ணே! தண்ணி இறங்குது! தெக்குப் பாறைக்குப் போங்க!”

அன்று இரவு அவர் காலை வெந்நீரில் ஊற வைத்துக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்.

“காத்து நல்லா வந்துதா?”

“ம்.”

“கால் ஏன் வீங்கியிருக்கு?”

“உக்காந்தே இருந்தேன்ல. தொங்கவிட்டுட்டு.”

“அங்கயும் இங்கயும் போனீங்களோன்னு பாத்தேன்.”

“போனேன். அதுக்குப் பேரு இடம் மாறறது. நீ நினைக்கறது இல்ல. காரணமில்லாமப் போயிட்டுத் திரும்பி வந்தாத்தான் நடை. காரணத்தோட போனா அது பயணம்.”

“சரிங்க” என்று அவள் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினாள்.

மறுநாளும் பயணம். அதற்கு மறுநாளும் பயணம். காலையில் கடை திறக்கும் முன் இரண்டு மணி நேரம், சாயங்காலம் கடையை மூடிவிட்டு இரண்டு மணி நேரம். புழுக்காரம்மா சில நேரம் தண்ணீரைப் பார்ப்பாள். சில நேரம் காற்றை முகர்ந்து பார்ப்பாள். சில நேரம் சாக்கைத் திறந்து புழுக்களைக் கேட்பது போலக் குனிந்து பார்ப்பாள். பிறகு கையை நீட்டுவாள். நீட்டிய பக்கம் நாற்காலி போகும்.

நாலாம் நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. சுழல் நாற்காலிக்குப் போடுகிற சக்கரங்களைக் கால்களில் மாட்டினார். மணலில் சக்கரம் உருளவில்லை, உழுதது. வடக்கிலிருந்து தெற்கு வரை நாலு வரிசையாகப் பாத்தி பிடித்த மாதிரி கோடு விழுந்தது. விதை தூவியிருந்தால் விளைந்திருக்கும். சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி தலைக்கே ஏற்றினார்.

தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் தெரிய மாட்டார். மேலே ஒரு பச்சை நாற்காலி, அதன் கால்கள் வானத்தைப் பார்த்தபடி. கீழே இரண்டு மனிதக் கால்கள். ஒரு நாள் பூட்டுக்காரர் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்விட்டு வந்து, கடையில் சாவி ராவிக்கொண்டே சோபாக்காரர் மனைவியிடம் கேட்டார்.

“தங்கச்சி, உங்க வீட்டு நாற்காலி கடற்கரையில தானா நடக்குதே?”

அவள் சுதாரித்துக்கொண்டாள்.

“அப்படியெல்லாம் இல்லண்ணே. அது பாட்டுக்குப் போகுது, வருது.”

பன்னிரண்டு நாளில் சோபாக்காரர் பிடித்தவை: ஒரு செருப்பு, பாதிச் சட்டி, தன் வலது கட்டைவிரல் இரண்டு தடவை, தானாகவே டிராயருக்குள் ஏறி உட்கார்ந்த ஒரு நண்டு. செருப்பைப் பத்திரமாக எடுத்து வைத்தார். இன்னொன்றும் வந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணம்.

பதினேழாம் நாள் காலையில்தான் அது நிகழ்ந்தது. வடக்குப் பாறையில் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கம்பு சட்டென்று வளைந்தது. டம்ளர் ஒரு பக்கம் பறந்தது. ரீலைச் சுற்றினார். தூண்டில் நரம்பு விறைத்தது. கடலுக்குள்ளிருந்து ஏதோ உயிருள்ளது அவரை இழுத்தது. முப்பது வருஷமாக அவர் துணியை இழுத்திருக்கிறார், பெல்ட்டை இழுத்திருக்கிறார். அவை எதுவும் திருப்பி இழுத்ததில்லை. அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

வெளியே வந்தது ஒரு மீன். உள்ளங்கை அளவு. வெள்ளிக் காசு மாதிரி பளபளத்து, பச்சை ரெக்ஸின் மேல் நாலு தடவை துள்ளியது. ஐந்தாவது துள்ளலில் கடலுக்கே போய்விட்டது.

சோபாக்காரர் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார். கவனிக்க வேண்டும், நின்றார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. மீன் ஒரு முழம் என்று மனைவியிடம் சொன்னார். பூட்டுக்காரரிடம் ஒன்றரை முழம் என்றார். சோபா வாங்க வந்தவர்களிடம் கையை விரித்துக் காட்டியதில் ஒரு மேசை விளக்கு உடைந்தது. விடிவதற்குள் எழுந்து, மனைவியைத் தொந்தரவு செய்யாமல் தானே டீ போட்டுக்கொண்டு கிளம்பினார். ஆட்டோவுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நாற்காலியோடு நேராக வீட்டிலிருந்தே பயணம் போன நாட்களும் உண்டு. கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவியது. சோபாவுக்குக் கட்டுகிற நாடாவை எடுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஏன் நழுவுகிறது என்று யோசிக்கவில்லை. மனைவி துவைப்பதில் துணி தொய்ந்துவிட்டது என்று குறை மட்டும் சொன்னார்.

“ஆமாங்க, சோப்பு சரியில்ல” என்றாள் அவள்.

நாற்பது நாள் முடிந்தது. டாக்டரம்மாவிடம் போனார்கள். மனைவியின் மடியில் ஒரு பெரிய தகர டப்பா இருந்தது. முறுக்கிய துணியால் வாயைக் கட்டியிருந்தாள்.

“அது என்ன?”

“டாக்டரம்மாவுக்கு.”

சோபாக்காரர் மெஷினில் ஏறினார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஊசி கண்ணுக்குள் தெரிந்தது.

“எண்பத்தேழு!” என்றார் டாக்டரம்மா. “ஏழு கிலோ போயிருக்கு! சர்க்கரையும் இறங்கியிருக்கு. ஊசிக்கு அவசியமே இல்ல. என்ன பண்ணினீங்க?”

சோபாக்காரர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். மெஷினிலிருந்து இறங்கினார். மேடையிலிருந்து இறங்கும் ராஜா மாதிரி இறங்கினார்.

“உக்காந்திருந்தேன்” என்றார்.

“என்னது?”

“நாப்பது நாளும் உக்காந்திருந்தேன் டாக்டர். கடல் காத்து. வேற ஒண்ணுமில்ல. நீங்க வேணும்னா மத்தவங்களுக்கும் சொல்லுங்க. பாவம், எல்லாரையும் காலை உடைச்சு அனுப்பறீங்க. ஒரு நல்ல நாற்காலி போதும். நானே செஞ்சு தர்றேன்.” மனைவி பக்கம் திரும்பினார். “என்ன, பந்தயம் யாருக்கு?”

“உங்களுக்குத்தாங்க. நீங்கதான் ஜெயிச்சீங்க” என்றாள். “இனி அந்த வார்த்தை என் வாயில வராது.”

சொல்லிவிட்டு டப்பாவின் துணியை அவிழ்த்தாள். டாக்டரம்மாவின் மேசை மேல் கவிழ்த்தாள்.

கடகடவென்று கிளிஞ்சல்கள் கொட்டின. மருந்துச் சீட்டெல்லாம் மூடிப்போனது. சில உருண்டு தரையில் விழுந்தன.

“இது என்னம்மா?”

“இருநூத்திப் பதினொண்ணு இருக்கு டாக்டர். புழுக்காரம்மாவுக்கு எழுதத் தெரியாது. இவர் ஒரு பாறையிலேர்ந்து எதிர்ப் பாறைக்குப் போனா, டப்பாவுல ஒரு கிளிஞ்சல் போடச் சொல்லியிருந்தேன். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் முக்கால் கிலோமீட்டர். நம்ம கடை டேப்பை வச்சு அளந்தேன். அரை நாள் ஆச்சு.”

டாக்டரம்மா கால்குலேட்டரைத் தட்டினார். ஒரு தடவை தட்டிவிட்டு, நம்பாமல் இன்னொரு தடவை தட்டினார்.

“நூத்தி அம்பத்தெட்டு கிலோமீட்டர்! மணல்லயா?”

“மணல்லதான். தலையில இருபது கிலோ நாற்காலியோட.”

“நான்கூட அவ்வளவு சொல்லலியேம்மா!”

சோபாக்காரரின் முகம் பஞ்சு பிய்த்த மெத்தை மாதிரி உள்ளே போய்விட்டது.

வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பினார்கள். கடற்கரைத் திருப்பம் வந்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, நேராகக் குடைக்கு அடியில் போய் நின்றார்.

“நாப்பது நாளா என்கிட்ட பொய்யா சொன்னே?”

புழுக்காரம்மா பயப்படவில்லை. வெட்கப்படவும் இல்லை.

“அண்ணே, முதல் நாள் நீங்க வர்றதுக்கு முன்னாடியே அக்கா வந்து சொல்லிட்டாங்க. இவரு உக்காந்தா எழுந்திரிக்க மாட்டாரு, நீதான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் விரட்டணும்னு. நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆனா மீனு எப்பவும் ஏதாவது ஒரு பாறையில இருக்கத்தானே செய்யும்? அதனால பாதி நிஜமாத்தான் இருந்திருக்கும். எந்தப் பாதின்னு எனக்கே தெரியாது.”

“இனிமே நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்!”

“சரிண்ணே. எனக்கும் தொண்டை வத்திப்போச்சு.”

சோபாக்காரர் வீட்டுக்கு வந்தார். மீன் பிடிப்பதையே விட்டுவிடுவது என்று முதலில் முடிவெடுத்தார். கடையில் ஒரு புது சோபாவில் சாய்ந்தார். நாலு மணி வரை சரியாக இருந்தது. நாலு மணிக்கு உள்ளங்கால் அரித்தது. நாலரைக்குக் கை தானாக ரீலைச் சுற்றியது. கையில் ரீல் இல்லை, நூல் கண்டுதான் இருந்தது.

“ஏன் விடணும்?” என்று எழுந்தார். “விட்டா நான் தோத்த மாதிரி ஆகும். போவேன். ஆனா ஒரே இடத்துல உக்காருவேன். ஆட்டோவுலயே தெக்குப் பாறை வரைக்கும் போய் இறங்குவேன். வானம் இடிஞ்சு விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டேன். நீயும் வந்து பாரு!”

“வர்றேன். உறைக்குப் பட்டன் தைக்க வேண்டியிருக்கு, அங்க உக்காந்து தைக்கறேன்” என்றாள்.

ஆட்டோ மணலுக்குள் வராது என்பது அங்கே போன பிறகுதான் ஞாபகம் வந்தது. தெற்குப் பாறை வரை ஒரு சின்னப் பயணம் தேவைப்பட்டது. அது கணக்கில் சேராது என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

நாற்காலியைப் போட்டார். வடக்குப் பக்கம் கண்ணில் படாதபடி முதுகைக் காட்டிப் போட்டார். தூண்டிலை வீசினார், சாய்ந்தார். கையைக் கட்டிக்கொண்டார். இந்த உலகத்தில் அவரை எழுப்ப ஆள் கிடையாது.

கொஞ்ச நேரத்தில் மனைவி பிளாஸ்க்கோடு வந்தாள். டம்ளரில் டீ ஊற்றி அதன் குழியில் வைத்தாள். நிமிர்ந்தாள். அவர் தலைக்கு மேலாக வடக்கே பார்த்தாள். நெற்றியில் கையை வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“அடேயப்பா!” என்றாள்.

“என்ன?”

“ஒண்ணுமில்லீங்க.”

“என்னன்னு சொல்லு.”

“ஒண்ணுமில்லன்னா விடுங்களேன்.”

“எனக்குத் தெரியும். அங்க ஒண்ணும் கிடையாது. சும்மா சொல்றே.”

“நான் என்ன சொன்னேன்? நீங்க நல்லா உக்காருங்க” என்றாள். பிளாஸ்க்கை மூடினாள். திரும்பிக் குடைப் பக்கம் போய்விட்டாள்.

அவள் சொன்னது பொய் என்று சோபாக்காரருக்கு நூற்றுக்கு நூறு தெரியும். சந்தேகமே இல்லை. அவர் அசையவில்லை. டீயைக் குடித்தார். கடலைப் பார்த்தார். தலையணையைச் சரிசெய்தார். நூற்றுக்கு நூறு தெரியும். தொண்ணூறாவது தெரியும். பத்து நிமிடம் மலை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பதினோராவது நிமிடம் நாற்காலி வடக்கே கிளம்பியது.